நான்கு உப்புகள் போடும் தாளம்

உங்கள் நாடி ஒரே சீராக ஓடுவதில்லை. நம்ப முடியவில்லையா? இந்த இதழை மடியில் விரித்து வைத்துக்கொண்டு இப்போதே சோதித்துப் பார்த்துவிடலாம்.

செய்து பாருங்கள்

முதலில் ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். ஓடி விளையாடிய மூச்சு அடங்கட்டும். இடது உள்ளங்கையை மேலே திருப்புங்கள். கட்டைவிரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டில், எலும்பை ஒட்டி ஒரு சிறு பள்ளம் இருக்கும். வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் அதில் மெல்ல வையுங்கள். கட்டைவிரலால் நாடி பார்க்கக் கூடாது. அந்த விரலிலேயே ஒரு துடிப்பு தெரியும் என்பதால் கணக்குக் குழம்பிவிடும்.

கடிகாரத்தைப் பார்த்தபடி முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். பத்து வயதைத் தாண்டியவர்களுக்கும் பெரியவர்களுக்கும் ஓய்வாக இருக்கும்போது 60 முதல் 100 வரை வரலாம். ஏழு, எட்டு வயதுத் தம்பி தங்கைகளுக்கு 110 வரைகூடப் போகும். பிறந்த குழந்தைக்கு 100 முதல் 160 வரை இருக்கும்.

இனி இரண்டாம் பகுதி. விரலை எடுக்காமல் மூச்சை ஆழமாக, மெதுவாக உள்ளே இழுங்கள். பிறகு அதைவிட மெதுவாக வெளியே விடுங்கள். ஐந்தாறு முறை இப்படிச் செய்யுங்கள். மூச்சு உள்ளே போகும்போது துடிப்புகள் நெருங்கி வரும். வெளியே வரும்போது தள்ளித் தள்ளி வரும்.

இது நோய் அல்ல. நல்ல உடல்நலம் உள்ள பிள்ளைகளிடம்தான் இந்த ஏற்ற இறக்கம் நன்றாகத் தெரியும். வயது கூடக் கூட அது குறைந்துகொண்டே போகும். ஆகவே, நாடி கொஞ்சம் முன்பின் ஆகிறது என்ற உடனே பயப்பட வேண்டாம். எந்த மாற்றம் இயல்பானது, எது மருத்துவரிடம் காட்ட வேண்டியது, இந்தத் தாளத்தைக் காப்பாற்றி வைப்பது எது? மூன்று கேள்விகளுக்கும் விடை தேடுவோம். விடையின் பெரும்பகுதி நம் சமையலறையில்தான் இருக்கிறது.

தாளம் எங்கே பிறக்கிறது?

இதயத்தைத் துடிக்கச் சொல்வது மூளைதான் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மாற்று இதய அறுவைச் சிகிச்சையைப் பற்றிச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். கொடையாகக் கிடைத்த இதயத்தை இன்னொருவர் மார்பில் பொருத்தும்போது இரத்தக் குழாய்களைத்தான் தைக்கிறார்கள். நரம்புகளை இணைப்பதில்லை. மூளையிலிருந்து கட்டளை வர வழியே இல்லை. ஆனாலும் அந்த இதயம் துடிக்கிறது. அவர் சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட நிமிடத்துக்கு 100 முறையை ஒட்டித் துடிக்கிறது.

நமக்கு ஓய்வில் 70, 80 என்று குறைவாக இருப்பது ஏன்? மூளையிலிருந்து வரும் வேகஸ் என்ற நரம்பு இதயத்தை எப்போதும் கொஞ்சம் இழுத்துப் பிடித்திருக்கிறது. நீங்கள் மூச்சை உள்ளே இழுத்தபோது அந்தப் பிடி ஒரு கணம் தளர்ந்தது, துடிப்பு விரைந்தது. மூச்சை விட்டபோது பிடி மீண்டும் இறுகியது, துடிப்பு மெதுவானது. மூளையால் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். தாளம் பிறப்பது இதயத்துக்குள்ளேதான்.

இதயத்தின் வலது மேலறையில், உடலின் மேல்பகுதியிலிருந்து வரும் பெரிய சிரை நுழையும் இடத்துக்கு அருகில், சைனஸ் கணு என்று ஒரு திசு இருக்கிறது. பெரியவர்களுக்கே அது ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் நீளம்தான். அதைக் கண்டுபிடித்த கதை சுவையானது. ஆர்தர் கீத் என்ற ஸ்காட்லாந்து உடற்கூறியல் அறிஞரிடம் மார்ட்டின் பிளாக் என்ற மருத்துவ மாணவர் சேர்ந்து வேலை செய்தார். ஒரு வெயில் நாளில் கீத் தன் மனைவியுடன் சைக்கிளில் பழத்தோட்டங்களைச் சுற்றிப் பார்க்கப் போய்விட்டார். வீட்டில் இருந்த மாணவர், அகழெலியின் இதயத்தை மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை யாரும் கவனிக்காத ஒரு திசு அவர் கண்ணில் பட்டது. கீத் திரும்பி வந்தபோது மாணவருக்குப் பரபரப்பு தாங்கவில்லை. இருவரும் 1907-இல் அதை உலகுக்கு அறிவித்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் சுனாவோ தவாரா என்ற ஜப்பானிய மருத்துவர், ஜெர்மனியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தபோது, மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள இரண்டாவது கணுவை விளக்கியிருந்தார்.

இந்த இரண்டு கணுக்களும் சேர்ந்து செய்யும் வேலையைத் திருப்பூரின் நெருப்பெரிச்சல் பிள்ளைகள் எளிதாகப் புரிந்துகொள்வார்கள். இந்தப் பகுதியில் வீட்டுக்கு ஒருவராவது பனியன் கம்பெனிக்குப் போகிறவர் இருப்பார். கம்பெனியில் ஓவர்லாக் அடித்த பீஸ் பேட்லாக்குக்குப் போகும். அங்கே முடிந்த பிறகு செக்கிங்குக்குப் போகும். முன்னால் இருப்பவர் முடித்துத் தள்ளாமல் பின்னால் இருப்பவர் வேலையைத் தொடங்க முடியாது. இதயத்திலும் இந்த வரிசை மாறக் கூடாது. சைனஸ் கணுவில் பிறந்த மின்துடிப்பு முதலில் இரண்டு மேலறைகளிலும் பரவுகிறது. அவை சுருங்கி, இரத்தத்தைக் கீழறைகளுக்குத் தள்ளுகின்றன. மின்துடிப்பு நடுக் கணுவில் ஒரு நொடியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நேரம் தாமதிக்கிறது. அந்த இடைவெளியில் கீழறைகள் நிரம்பிவிடுகின்றன. அதன் பிறகே மின்துடிப்பு கீழே இறங்குகிறது; கீழறைகள் பலமாகச் சுருங்கி, இரத்தத்தை நுரையீரலுக்கும் உடலுக்கும் அனுப்புகின்றன. ஒரு நாளில் இது ஏறக்குறைய ஒரு லட்சம் முறை நடக்கிறது.

லண்டன் குழாய்த் தண்ணீர் சொன்ன செய்தி

மின்துடிப்பு என்று சொல்லிவிட்டோம். மார்புக்குள் பேட்டரியும் இல்லை, செம்புக் கம்பியும் இல்லை. அப்படியானால் மின்சாரம் எங்கிருந்து வருகிறது?

விடைக்கு வழி காட்டிய சிட்னி ரிங்கர், லண்டனில் பல்கலைக்கழகக் கல்லூரி மருத்துவமனையின் மருத்துவர். தவளையின் இதயம் உடலுக்கு வெளியே எடுத்த பிறகும், சரியான கரைசலில் வைத்தால், நெடுநேரம் துடிக்கும். எந்தக் கரைசல் சரியானது என்று ரிங்கர் ஆராய்ந்தார். சமையல் உப்பும் கொஞ்சம் பொட்டாசியம் குளோரைடும் கலந்த தண்ணீரே போதும் என்று 1882-இல் எழுதினார்.

பிறகுதான் உண்மை தெரிந்தது. கரைசலைக் காய்ச்சி வடித்த தூய நீரில் தயாரித்ததாக அவர் நம்பியிருந்தார். ஆனால் அதில் இருந்தது லண்டன் குழாய்த் தண்ணீர். தூய நீரில் அதே உப்புகளைக் கலந்து மறுபடி சோதித்தபோது தவளை இதயம் சீக்கிரமே தளர்ந்து நின்றுபோனது. குழாய்த் தண்ணீரில் மட்டும் இருந்த பொருள் எது? ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தார். கால்சியத்தைச் சேர்த்ததும் இதயம் மீண்டும் வலுவாகத் துடித்தது. இதை 1883-இல் வெளியிட்டார். தன் பழைய முடிவைத் தானே திருத்தி எழுதியதால்தான் ரிங்கரின் பெயர் இன்றைக்கும் நிலைத்திருக்கிறது.

அந்தக் கால்சியத்தை நீங்கள் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள். போர் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள்தான் மிகுதி.

ரிங்கரின் கரைசலையும் பார்த்திருப்பீர்கள். ஆஸ்பத்திரியில் ‘ஆர்.எல்.’ பாட்டில் ஏற்றினார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ‘ரிங்கர் லாக்டேட்’ என்பதன் சுருக்கம் அது. ரிங்கரின் உப்புகளோடு லாக்டேட்டைச் சேர்த்து, நோயுற்ற குழந்தைகளுக்காக அதை உருவாக்கியவர் அலெக்சிஸ் ஹார்ட்மன் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர். பாட்டிலின் மேல் ஒட்டியிருக்கும் தாளைப் படித்தால் சோடியம், பொட்டாசியம், கால்சியம் மூன்றின் பெயரும் இருக்கும்.

உப்பு எப்படி மின்சாரம் ஆகிறது?

உப்பு செய்யும் வேலை திருப்பூருக்குப் புதிதல்ல. சாயப்பட்டறையில் பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்றும்போது கிலோ கிலோவாக உப்பைக் கொட்டுவார்கள். தண்ணீரில் நனைந்த பருத்தியின் மேற்பரப்பில் எதிர்மின் தன்மை இருக்கும். சாயத் துகளிலும் அதே தன்மை. இரண்டும் ஒன்றையொன்று விலக்கும். உப்பிலுள்ள சோடியம் நேர்மின் தன்மை உடையது. அது நடுவே புகுந்து அந்த விலக்கத்தைக் குறைக்கிறது. சாயம் நூலை நெருங்கிப் பிடித்துக்கொள்கிறது. அந்த உப்பெல்லாம் கழிவுநீரில் கலந்து நொய்யல் ஆற்றைக் கெடுத்த வரலாறும் நமக்குத் தெரியும். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு, கழிவுநீரைச் சுத்திகரித்து உப்பையும் நீரையும் பிரித்தெடுத்து மீண்டும் பயன்படுத்தும் முறை இங்கே நிலைபெற்றது. ஆற்றில் சோடியம் அளவு மீறினால் பயிர் தாங்காது என்பதை இந்த ஊர் பட்டுத் தெரிந்துகொண்டது. உடலுக்குள்ளும் அளவுதான் பேச்சு.

உப்பு தண்ணீரில் கரையும்போது மின்னேற்றம் கொண்ட துகள்களாகப் பிரிகிறது. இவற்றை அயனிகள் என்கிறோம். அயனிகள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்ந்தால் அதுவே மின்னோட்டம். இதயத்தின் மின்சாரம் முழுவதும் இப்படி நகரும் அயனிகளால் ஆனது.

இதயத்தின் ஒரு தசைச் செல்லைப் பாருங்கள். செல்லுக்கு வெளியே சோடியம் அதிகம். உள்ளே பொட்டாசியம் அதிகம். வெளியே இருப்பதைப் போல 30 மடங்குக்கும் மேல். இந்த வேறுபாட்டைக் காக்க, செல்லின் சவ்வில் ஒரு பம்பு ஓயாமல் வேலை செய்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த ஜென்ஸ் ஸ்கௌ, நண்டின் நரம்புகளை ஆராய்ந்து 1957-இல் இதைக் கண்டறிந்தார். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1997-இல், அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒரு துடிப்பின்போது கீழறைச் செல்லில் நடப்பது இதுதான்:

சோடியம் சடாரென்று உள்ளே பாய்கிறது. துடிப்புக்கான செய்தி செல்லிலிருந்து செல்லுக்குப் பரவுகிறது.

கால்சியம் அடுத்து நுழைகிறது. தசை சுருங்குகிறது. ரிங்கரின் தவளை இதயம் கால்சியம் இல்லாமல் நின்றதன் காரணம் இப்போது புரிகிறதா?

பொட்டாசியம் வெளியேறுகிறது. செல் அமைதியாகி, அடுத்த துடிப்புக்குத் தயாராகிறது.

மெக்னீசியம் பம்புக்குத் துணை நிற்கிறது. பம்பு ஓட ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறு வேண்டும். அந்த மூலக்கூறு மெக்னீசியத்தோடு சேர்ந்தால்தான் பயன்படும்.

இந்த மின்னோட்டம் தோல்வரைக்கும் எட்டுகிறது. அதைப் படமாக வரைவதுதான் இசிஜி. நெதர்லாந்தின் வில்லெம் ஐந்தோவன் 1900-களின் தொடக்கத்தில் உருவாக்கிய முதல் கருவி ஏறக்குறைய 270 கிலோ எடை. அதை இயக்க ஐந்து பேர் தேவைப்பட்டார்கள். நோயாளி இரண்டு கைகளையும் ஒரு காலையும் உப்புத் தண்ணீர் நிரப்பிய பாத்திரங்களில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். 1924-இல் ஐந்தோவனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று அதே வேலையைக் கையில் தூக்கிச் செல்லும் சிறு பெட்டி செய்கிறது.

தாளம் தவறும்போது

தாளப் பிழைகள் எல்லாம் ஒரே வகை அல்ல. நான்கு வகைகளைத் தெரிந்துகொள்வோம்.

முதல் வகை, முந்திக்கொண்டு வரும் துடிப்பு. சில நேரம் ‘நெஞ்சு ஒரு அடி விட்டுப்போச்சு’ என்று தோன்றும். உண்மையில் ஒரு துடிப்பு நேரத்துக்கு முன்பே வந்துவிடுகிறது. இதயம் நிரம்பும் முன் வந்ததால் அது பலவீனமாக இருக்கும். பிறகு ஒரு சிறு இடைவெளி. அடுத்த துடிப்பு பலமாக வரும். அதைத்தான் நாம் ‘டக்’ என்று உணர்கிறோம். தூக்கம் கெட்டாலும், டீ காபி அதிகமானாலும் இது வரலாம். எப்போதாவது வந்தால் பெரும்பாலும் தீங்கில்லை.

இரண்டாவது, திடீர் ஓட்டம். சில பிள்ளைகளுக்கு மின்துடிப்பு ஒரு குறுக்கு வழியில் சுற்றிச் சுற்றி ஓடும். உட்கார்ந்திருக்கும்போதே நாடி 200-ஐத் தாண்டும். எண்ணக்கூட முடியாது. இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது.

மூன்றாவது, மேலறை நடுக்கம். வயதானவர்களிடம் அதிகம் காணப்படும். மேலறைகளில் நிமிடத்துக்கு 350-க்கும் மேற்பட்ட மின்துடிப்புகள் தாறுமாறாகப் பிறக்கும். மேலறை சுருங்காமல் நடுங்கிக்கொண்டே இருக்கும். அங்கே இரத்தம் தேங்கிக் கட்டியாகி, மூளைக்குப் போய்விட்டால் பக்கவாதம் வரும். தாத்தா பாட்டியின் நாடியில் எந்த வரிசையும் பிடிபடவில்லை என்றால் அவர்களை இசிஜி எடுக்கச் சொல்லுங்கள். உயர் இரத்த அழுத்தம் மேலறை நடுக்கத்துக்கு ஒரு முக்கியக் காரணம்.

நான்காவது, வேகக் குறைவு. நடுக் கணுவில் பாதை அடைபட்டால் துடிப்பு மிகவும் மெதுவாகிவிடும். மின்துடிப்பை வெளியிலிருந்து தர பேஸ்மேக்கர் பொருத்துவார்கள். உடலுக்குள் பேஸ்மேக்கர் பொருத்திக்கொண்ட முதல் மனிதர் சுவீடனின் ஆர்னே லார்சன். ஆண்டு 1958. அதன் பிறகு 43 ஆண்டுகள், 86 வயதுவரை வாழ்ந்தார்.

நம் நாட்டில் தாளப் பிழைக்கு இன்னொரு காரணமும் உண்டு. பிள்ளைகள் அதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியால் வரும் தொண்டைப் புண்ணைக் கவனிக்காமல் விட்டால், சிலருக்கு ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வைக் கெடுக்கும். வால்வு குறுகினால் மேலறை வீங்கும். வீங்கிய மேலறையில் நடுக்கம் தொடங்கும். இந்த நோயை ஆராய்வதில் தம் வாழ்நாளைச் செலவிட்டவர் மருத்துவர் எஸ். பத்மாவதி. தமிழ்க் குடும்பத்தில் 1917-இல் பர்மாவில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது, தாயோடும் சகோதரிகளோடும் தப்பி வந்து சேர்ந்த ஊர், நமக்குப் பக்கத்தில் இருக்கும் கோயம்புத்தூர். போர் முடிந்து வெளிநாடு சென்று படித்துத் திரும்பி, இந்தியாவின் முதல் பெண் இதயநோய் மருத்துவர் ஆனார். 2020-இல், தம் 103-ஆம் வயதில் காலமானார். அவர் உழைப்பு நமக்குச் சொல்லும் பாடம் எளிது: காய்ச்சலோடு தொண்டை வலி வந்தால் அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். மருந்து கொடுத்தால், வலி நின்ற பிறகும் சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள்.

இவற்றில் ஒன்று நேர்ந்தாலும் பெரியவர்களிடம் உடனே சொல்லுங்கள்: ஓடும்போதோ விளையாடும்போதோ மயங்கி விழுவது, நெஞ்சு வலி, சும்மா இருக்கும்போதே எண்ண முடியாத வேகத்தில் படபடப்பு, படபடப்போடு மூச்சுத் திணறல். ‘விளையாட விடமாட்டார்கள்’ என்று நினைத்து மறைக்காதீர்கள். மயங்கியவர் எழவில்லை என்றால் 108-ஐ அழைக்க வேண்டும். பள்ளிக்கு வரும் சிறார் நல மருத்துவக் குழுவிடமும் தயங்காமல் சொல்லலாம். இதயக் கோளாறுகளைக் கண்டறிவது அவர்கள் வேலைகளில் ஒன்று.

கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து

ஒரு லிட்டர் இரத்த நீரில் இருக்க வேண்டிய பொட்டாசியம் எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய 140 முதல் 200 மில்லிகிராம்தான். ஒரு கிராமில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாது. இந்த எல்லைக்குக் கீழே நன்றாக இறங்கினால் இதயம் தாறுமாறாகத் துடிக்கும். கடுமையான வயிற்றுப்போக்கில் இது நேரலாம். அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் ஓ.ஆர்.எஸ். பொடியில் குளுக்கோஸும் சமையல் உப்பும் மட்டுமல்லாமல், ஒரு லிட்டருக்கு 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடும் சேர்க்கப்பட்டிருக்கிறது.

மேலே ஏறினால்? இதயம் நின்றுவிடும். அறுவைச் சிகிச்சை மருத்துவர்கள் இதையே நன்மைக்குப் பயன்படுத்துகிறார்கள். இதயத்தைத் திறந்து தைக்க வேண்டியிருந்தால், பொட்டாசியம் மிகுந்த குளிர்ந்த கரைசலைச் செலுத்தி அதை நிறுத்துகிறார்கள். அந்த நேரம் முழுவதும் ஓர் இயந்திரம் உடலுக்கு இரத்தத்தை அனுப்புகிறது. வேலை முடிந்ததும் கரைசல் வெளியேறி இரத்தம் பாயும். இதயம் மீண்டும் துடிக்கத் தொடங்கும்.

நாம் சாப்பிடும் உணவில் நாளுக்கு நாள் உப்புகளின் அளவு மாறுகிறது. ஆனால் இரத்தத்தில் மாறுவதில்லை. காவல் காப்பது சிறுநீரகம். மிஞ்சியதை வெளியேற்றும், பற்றாததை மிச்சம் பிடிக்கும். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு அந்தக் காவல் தளர்ந்திருக்கும். அவர்களுக்கு இளநீரும் வாழைப்பழமும்கூட மருத்துவர் சொன்ன அளவில்தான்.

இதய நலத்துக்கு என்று விற்கும் பொட்டாசியம், மெக்னீசியம் மாத்திரைகளை யாரும் தாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது என்பதும் இதனால்தான். மீனை உணவாகச் சாப்பிடுவது இதயத்துக்கு நல்லது. ஆனால் மீன் எண்ணெய் மாத்திரைகளை அதிக அளவில் எடுத்துக்கொண்டவர்களிடம் மேலறை நடுக்கம் சற்றுக் கூடியதாகப் பெரிய ஆய்வுகள் காட்டின. ஒரு சத்து உணவில் வரும்போது மெதுவாக, பல சத்துகளோடு கலந்து வருகிறது. மாத்திரையில் ஒன்று மட்டும், மொத்தமாக வருகிறது.

நம் வட்டிலில் நான்கு உப்புகள்

கால்சியம்: ராகியில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 340 மில்லிகிராம் இருக்கிறது. பாலில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 120. பாலில் இருப்பதை உடல் எளிதாக எடுத்துக்கொள்ளும். ராகியை முளைகட்டியோ புளிக்க வைத்தோ சமைத்தால் அதிலிருந்தும் கூடுதலாகக் கிடைக்கும். ராகிக் களி, எள்ளுருண்டை, மோர், முள்ளோடு சாப்பிடும் நெத்திலி எல்லாம் நல்லவை.

மெக்னீசியம்: இலைக்குப் பச்சை நிறம் தரும் பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூறின் நடுவிலும் ஒரு மெக்னீசியம் அணு இருக்கிறது. ஆகவே கீரை சாப்பிடும்போதெல்லாம் மெக்னீசியமும் வருகிறது. கம்பு, சோளம், நிலக்கடலை, எள், பயறு வகைகளிலும் நிறைய உண்டு. தவிட்டைத் தீட்டி எடுத்த வெள்ளை அரிசியிலும் மைதாவிலும் பெரும்பகுதி போய்விடுகிறது. இரவில் பரோட்டா மட்டும் சாப்பிடும் பழக்கம் இருந்தால், அதை மாற்ற இது ஒரு நல்ல காரணம்.

பொட்டாசியம்: கொள்ளு, தட்டப்பயறு, பச்சைப்பயறு, முருங்கைக்கீரை, வாழைப்பழம், உருளைக்கிழங்கு, இளநீர். பள்ளிச் சத்துணவில் வரும் கொண்டைக்கடலையையும் பயறையும் ஒதுக்கி வைக்காதீர்கள்.

சோடியம்: இது மட்டும் நமக்குப் பற்றாமல் போவது அரிது, மிஞ்சுவதுதான் வழக்கம். பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், சிப்ஸ், பாக்கெட் முறுக்கு, நூடுல்ஸ் மசாலா ஆகியவற்றில் இது கணக்கில்லாமல் சேர்கிறது. சோடியம் மிஞ்சினால் இரத்த அழுத்தம் ஏறும். அழுத்தம் பல ஆண்டுகள் நீடித்தால் மேலறை நடுக்கத்துக்கு வழி திறக்கும்.

உங்கள் வகுப்பில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த நண்பர்கள் இருப்பார்கள். பீகார் வீடுகளில் வறுத்த கொண்டைக்கடலையை மாவாக்கி, தண்ணீர், உப்பு, எலுமிச்சை சேர்த்துக் கரைத்துக் குடிப்பார்கள். சத்து என்பதே அதன் பெயர். பொட்டாசியமும் மெக்னீசியமும் அதில் உண்டு. ஒடிசாக்காரர்களின் பகாள, நம் பழைய சோறுதான். இந்த ஊர் உங்களுக்குப் பக்கத்து பெஞ்சிலேயே பல மாநிலத்துச் சமையலைக் கொண்டுவந்து வைத்திருக்கிறது. கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அம்மாவின் தண்ணீர் பாட்டில்

பனியன் கம்பெனியில் அயர்னிங் மேசைக்குப் பக்கத்தில் கோடையில் நின்றால் வியர்வை நிற்காது. வியர்வையில் தண்ணீரோடு முக்கியமாக வெளியேறுவது சோடியம். தண்ணீர் குறைந்தால் இதயம் வேகமாகத் துடிக்கிறது. இரத்தத்தின் உப்பு அளவும் தடுமாறத் தொடங்குகிறது. இந்த ஊர் வீடுகளில் மாலையில் இப்படி ஒரு பேச்சு நடப்பதுண்டு:

“ஏம்மா, காலையில புடிச்சுக் குடுத்த தண்ணி பாட்டில்ல அப்படியே இருக்குது?”

“பீஸ் ரேட்டு கண்ணு. தண்ணி குடிச்சா அடிக்கடி பாத்ரூம் போகணும். எந்திரிச்சுப் போனா டேபிள்ல வேலை தேங்கிப்போகுது.”

அம்மாவின் சிரமம் உண்மையானது. அதே அளவு உண்மை, அவர் இதயத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்பதும். தண்ணீர் குடிக்கவும் கழிப்பறைக்குப் போகவும் நேரம் கேட்பது தொழிலாளியின் உரிமை. பிள்ளைகள் கற்ற அறிவியலை வீட்டில் எடுத்துச் சொன்னால், பெரியவர்கள் அதைக் கம்பெனியில் கேட்கத் துணிவு பெறுவார்கள்.

வெயிலில் வேலை செய்பவர்களுக்கு உப்புப் போட்ட நீர்மோர், கம்மங்கூழ், பழைய சோற்றுத் தண்ணீர் எல்லாம் பொருத்தமானவை. நீரும் சோடியமும் சேர்ந்தே கிடைக்கும். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. ஆகவே நாள் முழுக்க வியர்த்தவருக்கு இளநீர் மட்டும் போதாது. உப்புள்ள உணவும் வேண்டும். டின்னில் விற்கும் எனர்ஜி டிரிங்க் இதற்கு மாற்று அல்ல. அதிலுள்ள காஃபின் படபடப்பைக் கூட்டும். பிள்ளைகள் அதைத் தொடவே வேண்டாம்.

இந்த வாரத்து வேலை

ஒரு நோட்டில் ஏழு நாட்களுக்குக் கட்டம் போடுங்கள். சோடியம், பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம் என்று நான்கு பத்திகள். வீட்டில் அன்றன்று சமைத்ததை அதற்கு உரிய பத்தியில் எழுதுங்கள். ஒரே உணவு இரண்டு மூன்று பத்திகளில் வரலாம். ஓரத்தில் இரண்டு குறிப்புகள் சேருங்கள்: காலையில் எழுந்ததும் உங்கள் நாடி எத்தனை; யாருடைய தண்ணீர் பாட்டில் குடிக்கப்படாமல் திரும்பி வந்தது.

வாரக் கடைசியில் நோட்டை வீட்டில் எல்லோரிடமும் காட்டுங்கள். பெரும்பாலான வீடுகளில் சோடியம் பத்தி நிரம்பி வழியும். மெக்னீசியம் பத்தியில் இடைவெளி தெரியும். அப்படி இருந்தால் அமுச்சியிடமோ அப்பத்தாவிடமோ உட்கார்ந்து, அவர்கள் சிறு வயதில் எந்தெந்தத் தானியம், பயறு, கீரை சாப்பிட்டார்கள் என்று கேளுங்கள். அதில் இரண்டை அடுத்த வாரம் வீட்டில் சமைக்கச் சொல்லுங்கள். உங்கள் பட்டியலையும், நீங்கள் கண்ட மாற்றத்தையும் எங்களுக்கு எழுதி அனுப்புங்கள்.